நடைப்பயணம் என்று எழுதிக் கேட்ட லீவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருடம் தள்ளிப்போட்டேன். அதிகம் படிக்காதவன் நான்; அதைவிட, மாதா பேரைச் சொல்லிப் பொய் சொன்னவன். இரண்டும் சேர்ந்து கையைத் தடுத்தன.

அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, கொரட்டூரில் வீடு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த லீவெல்லாம் வேண்டுதலுக்கே போனது. ஒருநாள் மனைவி சொன்னாள்:

"ஒரு தடவையாவது கோயில் இல்லாத ஊருக்கு கூட்டினு போங்க. டெல்லி, தாஜ்மகால், அந்தாண்ட ராஜஸ்தான் மணலு, ஒட்டகம். ஜெபத்த ரயில்லயே சொல்லிக்கலாம்."

அதற்குப் பதினாலு நாள் வேண்டும். ஊர் சுற்ற எங்கள் பட்டறையில் அத்தனை நாள் லேசில் தரமாட்டார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் யாரும் மறுப்பதில்லை. 'வேளாங்கண்ணி நடைப்பயணம்' என்றே எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் உடனே கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு கையெழுத்தும் வேண்டும். அடுத்த ஷிப்டில் அதே மிஷினை ஓட்டுகிறவர், என் வேலையையும் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பாரிவாக்கத்துக்காரர், இந்து. கையெழுத்துப் போட்டவர், மறுநாள் கைக்குட்டையில் மடித்துச் சின்ன வெள்ளித் தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பொண்ணுக்கு கல்யாணமாயி அஞ்சு வருசம் மாமே. நடந்து போறவன் கையால வெச்சா நல்லது. மாதாண்ட வெச்சுடு. டபுள் டூட்டிய நான் பாத்துக்கிறேன்."

வாங்கிவிட்டேன். அதுதான் பெரிய தப்பு. இரண்டு நாள் அது என் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. ஜெபமாலையை எடுத்தாலும் முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. மூன்றாம் நாள் தொட்டிலை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த எண்ணெயைப் பஞ்சில் துடைத்தார்.

"மாதா பேர்லயா பொய் சொல்வ? தாஜ்மகாலுக்குப் போறேன்னு சொல்லிருந்தீனா நான் மாட்டேன்னு சொல்லிருப்பனா?" சற்று யோசித்தார். "சொல்லிருப்பேன்னுதான் தோணுது. சரி, ஆபீஸ்ல போய் நெசத்த எழுது. இப்ப நான் பாத்துக்கிறேன். நீ வந்தப்பறம் என் டூட்டிய நீ பாரு, நானே நடந்து போய் வெச்சுட்டு வரேன்."

புது லீவு பாரத்தைப் பார்த்த சூப்பர்வைசர், "லீவு பாரத்துல நெசம் எழுதினவன் நீ ஒருத்தன்தான்யா. இத இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றார். பத்து நாள்தான் தந்தார்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "ஒட்டகத்த டிவில பாத்துக்கலாம். இன்னொரு தடவ மாதாவ இழுக்காதீங்க" என்றாள்.

டெல்லியும் தாஜ்மகாலும் பார்த்தோம். ராஜஸ்தான் போகவில்லை. நாங்கள் திரும்பியதும் பாரிவாக்கத்துக்காரர் தொட்டிலோடு நடந்தார். நான் டபுள் டூட்டி பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதை, நான் முதலிலேயே உண்மையைச் சொன்னதாகவும், கேட்ட லீவு முழுதும் கிடைத்ததாகவும் சாட்சியாகச் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால், நான் எழுதிய பொய்யையும், அதனால் கைவிட்டுப் போன நாலு நாள் லீவையும் விடாமல் சொல்லுங்கள். நல்லதுக்கென்றுகூட எதையும் சேர்க்க வேண்டாம்.