செருப்பு ஒட்டிய டிபன் டப்பா

கோழி இறகு கட்டிய தூண்டில் முள்ளைப் பூச்சி என்று நம்பி மீன் கடிக்கும். அந்த முட்களை வைக்கும் பெட்டி கடையில் யானை விலை. அதனால் பழைய ரப்பர் செருப்பை அறுத்து, பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் ஒட்டி, முட்களை அதில் குத்தி வைத்தேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் அதைப் பார்த்த என் மாமனார் கொதித்துவிட்டார். செருப்புக் காலோடு படகில் ஏறாத குடும்பம் எங்களுடையது.

“செருப்ப வெச்சிகினு மீன் புடிக்க வந்துகீறியே, கடலம்மா சும்மா வுடுவாளா? தூக்கிப் போடு!”

பயந்துபோய் டப்பாவை மூடி எறிந்தேன். அது மூழ்கவில்லை. அலையில் ஆடி ஆடி என் காலடிக்கே வந்தது. திறந்தேன், ஒரு இறகுகூட நனையவில்லை.

“கடலம்மாவே திருப்பிக் குட்த்துட்டா மாமா. ஒங்களுக்கு இன்னா பேஜாரு?”

எறிந்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அன்று நான் பயந்தது கடலுக்கு அல்ல, மாமனாருக்கு. இப்போதும் அந்த டப்பா என் இடுப்பில்தான் இருக்கிறது, அவர் கண்ணெதிரிலேயே.