நான் எழுதாமல் விட்ட ‘உலகத்திலேயே’

என் மச்சாளை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவளுடைய கையெழுத்தைத்தான் தெரியும். என் அண்ணை கட்டிய பெண் அவள். புவனஸ் அயர்ஸ் என்ற பட்டினத்துக்காரி. எழுதுவது ஸ்பானிய மொழியில். அவளுக்கும் என் அம்மாவுக்கும் இடையில் எட்டு ஒன்பது வருடம் கடிதம் போய் வந்தது. நடுவில் இருந்து வாசித்ததும் எழுதியதும் நான். அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நாங்கள் தொண்டைமானாற்றுக் கடற்கரைச் சனம். அண்ணை பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போனவர். தன் பெயரைத் தமிழில் எழுதுவார், அவ்வளவுதான் அவருடைய படிப்பு. முதலில் பாய்க்கப்பல், பிறகு கொழும்பில் ஏறி வெள்ளைக்காரரின் நீராவிக் கப்பல். அவருடைய உழைப்பில்தான் நான் உடுவில் பள்ளிக்கூடத்தில் தங்கி நின்று இங்கிலீசு படித்தேன். கப்பலில் கடும் காய்ச்சல் கண்டதால், அவரைப் புவனஸ் அயர்ஸ் ஆசுபத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அந்த ஆசுபத்திரியில் துணி தோய்த்தவள்தான் மச்சாள். சுகமானதும் அண்ணை அங்கேயே துறைமுகத்தில் வேலை எடுத்தார், அவளைக் கட்டினார். தமிழ் எழுதத் தெரிந்த ஆள் அங்கே கிடையாது. ஆகவே அவள் தன் பாஷையில் எழுதுவாள். அடியில் அண்ணை தன் பெயரைத் தமிழில் கோணல்மாணலாகப் போடுவார். அந்தக் கோணல் எழுத்தைத்தான் அம்மா முதலில் விரலால் தடவிப் பார்ப்பார்.

முதல் கடிதத்தோடு ஒரு மெல்லிய புத்தகமும் வந்தது. இங்கிலீசு தெரிந்தவர்கள் ஸ்பானியம் படிப்பதற்கான புத்தகம். தங்கச்சி படித்தவள், பிடித்துவிடுவாள் என்று அண்ணை நினைத்திருக்கிறார். பிடித்தேன். ஆறு மாதம் எடுத்தது. நான் உச்சரிப்பது சரியோ பிழையோ தெரியாது. பிழை சொல்ல எங்கள் வடமராட்சிப் பக்கத்தில் ஆளில்லை.

அந்தக் கடிதத்தின் முதல் சொல்லே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. ‘கெரிதீசிமா.’ ‘கெரிதா’ என்றால் அன்பான. அதன் கடைசி எழுத்தைக் கழற்றிவிட்டு ‘ஈசிமா’ என்று ஒரு வாலை ஒட்டினால், அதற்கு மேலே போக இடமில்லாத அன்பு. கண்ணாலும் காணாத மாமிக்கு! புத்தகத்தைப் புரட்டினேன். இந்த வாலுக்கென்றே ஒரு பாடம் இருந்தது. பெரியதுக்கு வால், உயரத்துக்கு வால், வடிவுக்கு வால். வால் போதாவிட்டால் ‘மாஸ்’ என்று ஒரு சொல். ‘லா காஸா மாஸ் க்ராந்தே தெல் புவெப்லோ.’ ஊரிலேயே பெரிய வீடு. நாங்கள் ‘ஊரிலேயே’ என்று ஊரை முன்னுக்கு இழுப்போம், அவர்கள் ஊரைக் கடைசியில் வைக்கிறார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் மாத்திரம் தனிச் சொல். ‘மெஹோர்’, ‘பெயோர்’. எல்லாவற்றிலும் குறைந்தது என்று சொல்லவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒருத்தரும் எதையும் மெச்சுவதில்லை. வள்ளம் நிறைய மீனோடு வருகிறவனிடம் ‘மீன் பட்டதோ?’ என்று கேட்டால், ‘ஏதோ கறிக்குக் கிடக்கு’ என்பான். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் ‘மூக்குச் சப்பை’ என்றுதான் சொல்ல வேண்டும். தவறி வடிவென்று சொல்லிவிட்டால், பெற்றவள் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். மெச்சினால் நாவூறு படும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வலை கிழியும், வள்ளம் கவிழும். இதை நான் நம்பினேனா? உடுவிலில் படித்தவள் நம்புவேனா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கையில் கடிதத்தை எடுத்தபோது நம்பினேன். அப்போது கரவெட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கட்டுரையில் ‘மிக மிக’ என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவேன். மச்சாளுடைய கடிதத்தையும் அப்படித்தான் வெட்டினேன்.

“உலகத்திலுள்ள எல்லாத் தாய்மாரிலும் நல்ல தாய்க்கு” என்று அவள் எழுதினால், “அம்மாவுக்கு” என்று வாசித்தேன். “என்னை வாழவைத்த மனிதனைப் பெற்றவர் நீங்கள், உங்கள் காலைத் தொட ஆகப் பெரிய ஆசை” என்று எழுதினால், “உங்களைப் பார்க்க விருப்பமாம்” என்றேன். மூன்று பக்கம் மூன்று வரியாகிவிடும்.

“உதென்ன பிள்ளை,” என்று அம்மா கேட்பார். “அவள் இவ்வளவு எழுதிக் கிடக்கு, நீ ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய்?”

“அவையின்ரை பாஷை அப்பிடி அம்மா. நீட்டி எழுதுவினம், விசயம் ஒண்டும் இராது.”

பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். “என்னவாம் வெள்ளைக்காரி?”

“சுகமாம் மாமி.”

“போன மாதமும் உதைத்தானே சொன்னாய். உன்ரை மச்சாள் சொல்லையும் அரிசி மாதிரிக் கொத்துச் சுண்டிலை அளந்துதான் போடுவாள் போல.”

அம்மா சிரிக்கவில்லை. பிறகு அடுப்படியில் வைத்து, “ஒரு அன்பில்லாத பெட்டையாக் கிடக்கு. என்ரை பிள்ளை என்னெண்டு அவளோடை சீவிக்கிறான்?” என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஒரு கடிதத்தில் என்னைப் பற்றியும் இருந்தது. “என் தங்கச்சிதான் எல்லாரிலும் கெட்டிக்காரி என்று அவர் இங்கே எல்லாருக்கும் சொல்கிறார்.” அண்ணை என் முகத்துக்கு நேரே அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பாஷையில் அவருக்கு வாய் வந்திருக்கிறது. அந்த வரியையும் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. வெட்கம். ஆனால் தனியே இருந்து பல தரம் வாசித்தேன். எனக்கு வந்ததை நான் எடுத்துக்கொண்டேன், அம்மாவுக்கு வந்ததைத்தான் வெட்டினேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை பிறந்து படம் வந்தது. சுருட்டை மயிர், அண்ணையின் நெற்றி. ‘எல் நீன்யோ மாஸ் எர்மோசோ தெல் முந்தோ’ என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தாள். உலகத்திலேயே வடிவான பிள்ளை.

“பின்னாலை என்ன எழுதிக் கிடக்கு?”

“பிள்ளை பரவாயில்லையாம்.”

“பெத்தவள் அப்பிடி எழுதுவளே?” அம்மா படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எழும்பிப் போய் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, படத்தை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்து எங்கள் இருவருக்கும் இருமல். இருமி முடிய, “இப்ப எழுது,” என்றார். “என்ரை பேரன்தான் உலகத்திலையே வடிவான பிள்ளை எண்டு எழுது. அவனைப் பெத்தவள் எனக்குக் கிடைச்ச ஆகப் பெரிய செல்வம் எண்டு எழுது. அவள் எழுதாட்டிலும் நான் எழுதுவன்.”

நான் திகைத்துப்போனேன். அம்மாவின் வாயில் அப்படி ஒரு பேச்சை அதற்கு முன் கேட்டதில்லை.

“அம்மா, நாவூறு படும்.”

“ஏழு கடலுக்கு அங்கால என்ரை நாக்குப் போகுமே? விசர்க்கதை கதையாதை. எழுது.”

எழுதினேன். “படம் கிடைத்தது. பிள்ளை சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அம்மாவும் சுகம்.”

ஏன் அப்படிச் செய்தேன்? நாவூறு என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். நான் ஆசிரியை சோதினையில் பாசான செய்தியோடு வீட்டுக்கு ஓடி வந்த நாளில் அம்மா சொன்னது, “சரி, விளக்குமாறை எடுத்து முத்தத்தைக் கூட்டு.” அவருக்குக் காய்ச்சல் என்றால் நான் காய்ச்சும் கஞ்சி, அவர் சந்நிதிக் கோயிலுக்கு நடக்கும்போது பிடிப்பது என் கை. பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு ‘பரவாயில்லை’கூடக் கிடைக்கவில்லை. கண்ணில் காணாத ஒருத்திக்கு உலகத்தையே தூக்கிக் கொடுக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் விசயம்.

அதற்குப் பிறகு மச்சாளுடைய கடிதங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. முதலில் ‘ஈசிமா’ போனது. பிறகு ‘கெரிதா’வும் போய், மதிப்புக்குரிய அம்மா என்று வந்தது. நான் வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது கடிதத்தை எழுதியபடியே வாசித்தேன், அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உலக யுத்தத்துக்கு முந்திய வருடம் ஒரு கடிதம் வந்தது. அண்ணை ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறார். எங்கள் கடற்கரையில் வாழத் தானும் சம்மதம். ஆனால் தன்னை அங்கே வேண்டுமா வேண்டாமா என்று தனக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், கப்பலுக்குப் பதிந்துவிடுவோம். இதை நான் மறைக்கவில்லை. முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா அழுதார். “வரச் சொல்லு. நாளைக்கே வரச் சொல்லு. அவளை என்ரை மடியிலை வைச்சுப் பாப்பன் எண்டு எழுது. இந்த ஊரிலை ஒருத்தியும் தன்ரை மருமகளை அப்பிடிப் பாத்திருக்க மாட்டாள் எண்டு எழுது.”

நான் எழுதியது: “விருப்பமென்றால் வரலாம்.”

அந்த நேரம் அதில் பிழை இருப்பதாக நினைக்கவில்லை. வரலாம் என்றால் வரலாம்தானே. எங்கள் வீட்டுக்கு வருகிற எவருக்கும் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா அடுத்த கிழமையே ஆள் பிடித்துக் கூரைக்குப் புதுக் கிடுகு வேய்ந்தார். பிள்ளை படுக்க என்று தன் கையாலே ஒரு சின்னப் பாய் இழைத்தார்.

பதில் வந்தது. “நீங்கள் எழுதியது விளங்கியது. இங்கே வேலை நிறைய இருக்கிறது. நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.” அடியில் அண்ணையின் கோணல் எழுத்து.

“ஏனாம் வரேல்லை?” என்று அம்மா கேட்டார்.

“வேலையாம்.”

அம்மா அந்தப் பாயைச் சுருட்டிப் பரணில் வைத்தார். அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை. பக்கத்து வளவு மாமி கேட்டபோது மட்டும், “எங்களை அவளுக்குப் பிடிக்கேல்லையாக்கும்,” என்றார். நான் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் வந்து கடிதம் நின்றது. சண்டை முடிவதற்குள் அம்மா போய்விட்டார். கடைசி நாட்களில் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். மருமகளைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்லவில்லை, கெட்ட சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு அவளைத் தெரியாது. தெரியவிடாமல் செய்தவள் நான்.

சாமான்களை ஒதுக்கும்போது கடிதக் கட்டு அகப்பட்டது. ஒரு பகல் முழுக்க இருந்து எல்லாவற்றையும் வாசித்தேன், ஒரு சொல்லும் வெட்டாமல், வாய்விட்டு. கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில். அத்தனை ‘ஈசிமா’வும் பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆசுபத்திரியில் துணி தோய்த்த, தாயில்லாத ஒரு பெண் தனக்கொரு தாயைத் தேடி எழுதியவை அவை. தாய் இல்லை என்று இரண்டாவது கடிதத்திலேயே சொல்லியிருந்தாள். அதையும் நான் நீட்டல் என்று விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்து தபால் திரும்பியதும் எழுதினேன். அம்மா இறந்ததை எழுதினேன். பிறகு, என் வாழ்க்கையில் முதல் தரமாக, அந்தப் பாடத்தில் இருந்த அத்தனையையும் பாவித்தேன். உலகத்திலேயே வடிவான பேரன் என்று அம்மா சொன்னதை எழுதினேன். ஆகப் பெரிய செல்வம் என்றதை, மடியில் வைத்துப் பார்ப்பேன் என்றதை, கிடுகை, பாயை, எல்லாவற்றையும். இவற்றை அன்றைக்கு எழுதாமல் விட்டவள் நான், அம்மா இல்லை என்றும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மச்சாளுடைய எழுத்துத்தான், அரைப் பக்கம். அம்மாவின் செய்தி கேட்டு அண்ணை மூன்று நாள் வேலைக்குப் போகவில்லையாம். என் கடிதத்தை அவருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாளாம். அவர் கேட்டுவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினாராம். தங்கச்சி நல்லவள், எங்களுடைய மனம் ஆறட்டும் என்று தானே இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாள். எங்களுடைய அம்மா அப்படிக் கதைக்கிறவர் இல்லை. இப்படிச் சொன்னாராம்.

கடிதத்தின் அடியில் அண்ணையின் கையெழுத்து இல்லை. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை.

அண்ணை சொன்னது சரி. எங்களுடைய அம்மா அப்படிக் கதைக்கிறவர் இல்லைத்தான். இரண்டே இரண்டு தரம் கதைத்தார். கேட்டது நான் ஒருத்தி மட்டும்.