ராட்டின வரிசையில் ஒரு கை தூரம்

போன மாதம் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். போகலாமா என்று மகள் கேட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண். தோழிகளோடு போயிருக்கலாம், என்னைக் கூப்பிட்டாள். போய்விட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அங்கே நடந்தது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ராட்டினத்திலிருந்து இறங்கி வந்து அவள் ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அது ஏன் என்னை இப்படிப் போட்டு ஆட்டுகிறது என்று விளங்க வேண்டுமானால், அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது வந்த ஒரு சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மனைவிக்குக் காசநோய். பல மாதங்களாக ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. இனி மற்றவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நுரையீரலில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. அதை அறுத்து எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முந்திய சனிக்கிழமை, விளக்கு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு மத்தியானம் வெளியே போய்வர அனுமதி கொடுத்தார்கள்.

எங்கே போகலாம் என்று கேட்டபோது மனைவிக்கு முன்னால் மகள் பதில் சொன்னாள். தாம்பரத்தில் பொருட்காட்சி வந்திருந்தது. பெரிய ராட்டினம். அதில் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும். மேலே போகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். மரத்தடியில் நிற்பாள், அம்மா வராந்தாவில் நிற்பாள். அங்கிருந்தபடியே பேசிக்கொள்வார்கள்.

வார்டில் சில ஒழுங்குகள் உண்டு. இருமும்போது முகத்தைத் திருப்பி வாயை மூட வேண்டும். இன்னொருவரிடம் பேசினால் ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது மற்றவர்கள் மேல் படாத பக்கமாக நிற்க வேண்டும். நர்ஸுக்குப் பயந்து மற்றவர்கள் செய்ததை என் மனைவி மனதாரச் செய்தாள். ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகும் விடவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் நாகரிகம் என்றால் அவளுக்கு அதுதான்.

ஆனால் எங்கள் ஊர் மின்சார ரயில் ஏறிப் பழகிய ஊர். வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிக்கிறவர்கள். ஒரு விரற்கடை இடம் தெரிந்தால் அதில் ஒருவர் நுழைந்துவிடுவார். அதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை, காலியாக இருந்தது, நின்றேன் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரின் ராட்டின வரிசையில் என் மனைவி ஒரு கை தூரம் விட்டு நின்றாள்.

மூங்கில் கட்டிய வரிசை. நாங்கள் போனபோது அப்படியொன்றும் நீளமில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பெண், தோளில் தூங்குகிற கைக்குழந்தையோடு. அவளுக்கும் எங்களுக்கும் நடுவே அந்த இடைவெளி. சற்று நேரத்தில் இரண்டு வாலிபர்கள் வந்தார்கள்.

“இன்னாம்மா, லைன்ல கீறீங்களா, இல்ல சும்மா வேடிக்க பாத்துனு கீறீங்களா?”

“நிக்கிறோம் தம்பி,” என்றாள் அவள், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

“இவ்ளோ எடம் வுட்டா லாரியே பூந்துடும்மா!” என்று ஒருவன் சிரித்தான். இருவரும் உள்ளே புகுந்தார்கள். பிறகு ஒரு குடும்பம் வந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கும்பலாக. ஒவ்வொரு முறையும் அவள் ஒரு அடி பின்வாங்கிப் புதிதாக அதே தூரத்தை விட்டாள்.

“அம்மா, நாம பின்னாடியே போயிட்டிருக்கோம்மா,” என்றாள் மகள்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. “கொஞ்சம் ஒட்டித்தான் நில்லேன்,” என்றேன் நான்.

“காத்து அந்தப் பக்கமா அடிக்குதுங்க. முன்னாடி கைக்குழந்தை இருக்கு.”

“அதான் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே.”

“எனக்குச் சொன்னார். அந்தக் குழந்தையோட அம்மாவுக்குச் சொன்னாரா?”

அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. நான் ராட்டினத்தையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்குப் பின்னால் வண்டலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண் என்று பார்த்தாலே தெரியும். கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ, இடுப்பிலும் கையிலும் ஒவ்வொரு பிள்ளை. அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்து புகவந்த ஆளைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், பொம்பள நின்னுகினு கீறா, கண்ணு தெரில? பூந்து பூந்து போறீங்களே, உங்க வூட்டு வாசப்படியா இது?”

“காலியா இருந்திச்சு, பூந்தேன். நீ இன்னா போலீசா?”

“போலீசு இல்லடா, வண்டலூர்க்காரி. போலீசு அடிச்சா ஸ்டேசனோட போயிடும். நான் அடிச்சா உங்க ஆயா வரைக்கும் கேக்கும்.”

வரிசையே சிரித்தது. அந்த ஆள் வெளியே போனான். என் மனைவியும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னாக்கா, வாயில்லாப் பூச்சியா கீற! இந்தக் காலத்துல இப்டி நின்னா பொழுதுக்கும் நின்னுகினே இருக்க வேண்டியதுதான். வா, நான் இட்டுகினு போறேன்.” சொல்லிக்கொண்டே அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போய், எல்லாருக்கும் இடையில், முதுகோடு முதுகு உரசுகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். ராட்டினம் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. மகள் துள்ளினாள்.

நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த பிள்ளை இவள் காதுத் தோட்டைப் பிடிக்கக் கையை நீட்டியது. உடனே இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடக்கிய மூச்சு இருமலாக வந்தது. இருமி முடித்துவிட்டு, மெதுவாக, யாரோ தந்த மரியாதைக்குப் பதில் மரியாதை செய்வது போலச் சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நான் டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து வரேன். இப்ப ஒட்டாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனாலும் உனக்குத் தெரியணுமில்ல.”

முழங்கையைப் பிடித்திருந்த கை விலகியது. அந்தப் பெண் திட்டவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிற்று. “ஐயோ, கொயந்திங்கள வச்சிகினு...” என்று முனகியபடி பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளிப் போனதும் நின்று, “நல்லாயிடுவக்கா நீ,” என்றாள். 

வரிசை முன்னும் பின்னும் கலைந்தது. சற்று முன்பு ஒரு கை தூரம் கிடைக்காத இடத்தில் எங்களைச் சுற்றி ஒரு வீடு கட்டலாம் போல இடம் கிடைத்தது. இப்போது யாரும் உள்ளே புகவில்லை.

ராட்டினக்காரர் எஞ்சினை விட்டுவிட்டு இறங்கி வந்தார். கையைக் கூப்பினார். “சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தம்மா ஏறினா, அப்பறம் அந்தப் பொட்டில ஒருத்தரும் ஏற மாட்டாங்க. எனக்கு இன்னாத்த சொல்றதுன்னு தெரில.”

“ஒட்டாதுய்யா. டாக்டரே சொல்லியிருக்கார்,” என்றேன். என் குரல் வகுப்பில் எழும்புகிற மாதிரி எழும்பிவிட்டது. 

மனைவி என் சட்டைக் கையைத் தொட்டாள். “விடுங்க. அவர் சொல்றது சரிதானே. பணம் கொடுத்து ஏற வந்தவங்க பயந்துக்கிட்டு ஏறணுமா?”

மகளுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா வரவில்லை என்பது மட்டும் விளங்கியது. உதடு பிதுங்கியது. மனைவி குனியவில்லை, நிமிர்ந்து நின்றபடியே சொன்னாள்: “அம்மாவுக்கு ராட்டினம் ஏறினா தலை சுத்தும்டா கண்ணு. நீ அப்பாவோட போ. இவ்வளவு கூட்டத்துல, மேலேர்ந்து என்னைக் கண்டுபிடிக்கிறியான்னு பாக்கலாம். கண்டுபிடிச்சா கையாட்டணும்.”

அது விளையாட்டாக மாறிவிட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பெட்டியில் எதிர்ப் பலகை காலியாக இருந்தது. நாங்கள் மேலே போனோம். மலை தெரிந்தது, ரயில் பாதை தெரிந்தது, ஆஸ்பத்திரிப் பக்கத்து மரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. கீழே தலைகள். மைதானம் முழுக்கத் தலைகள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண் தெரிந்தது, வட்டமாக. அந்த வட்டத்தின் நடுவில் என் மனைவி, தலைப்பை வாயில் பொத்தியபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதோ அம்மா! அதோ!” மகள் எழுந்து நின்றுவிட்டாள். நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா, அம்மாவுக்கு எல்லாரும் எவ்வளவு எடம் விட்டிருக்காங்க பாருங்கப்பா! ராணிக்கு விடற மாதிரி!”

கீழேயிருந்து என் மனைவி கையாட்டினாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது அவளுக்கு முன்னால் தரையில் ஒரு கலர் சோடா பாட்டில் இருந்தது. திறந்து, குழல் போட்டது. வண்டலூர்க்காரி கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிப் போனாளாம். தூரத்தில் அவள் பிள்ளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “குடிக்கலையா?” என்று கேட்டேன். “ஆசையாத்தான் இருக்கு. பாட்டிலைக் கழுவி மறுபடி யாருக்கோ கொடுப்பாங்களே,” என்றாள். பிறகு அந்தப் பெண் பார்க்கும்படி கையைக் கூப்பினாள். மகள் அந்தக் கலரைக் குடித்தாள்.

விளக்கு வைப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டோம். வாசலிலும் அவள் அந்தத் தூரத்தில்தான் நின்று மகளிடம் விடைபெற்றாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆனது. கண் விழித்தாள், என்னிடம் இரண்டொரு வார்த்தை பேசினாள். அந்த வாரம் முடிவதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

அம்மாவைப் பற்றி மகளிடம் அதிக ஞாபகங்கள் இல்லை. வராந்தா, மரத்தடி, பிறகு அந்த மேலே போன நேரம். அதைத்தான் எல்லாரிடமும் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், சித்தி வீட்டில் சொன்னாள், வயது ஏற ஏறவும் சொன்னாள். எங்கம்மா நின்னா எல்லாரும் மரியாதையா ஒதுங்கி எடம் விடுவாங்க. சொந்தக்காரர்கள் அப்போது என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. நோய் என்று அவளுக்குத் தெரியும், அந்த வட்டத்தை நோயோடு அவள் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றுவரை இல்லை.

போன மாதம் குரோம்பேட்டையில் நாங்கள் வரிசையில் நின்றோம். மகள் எனக்கு முன்னால். அவளுக்கும், அவளுக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கும் நடுவே ஒரு கை தூரம் இருந்தது. ஒருவர் புகுந்தார். “பரவால்ல, போங்க சார்,” என்றாள். இன்னொருவர் புகுந்தார்.

“ஏம்மா இப்படித் தள்ளி நிக்கிற?”

“அம்மா இப்படித்தானேப்பா நிப்பாங்க. எனக்கு அது ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்கு.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி ஒரு தடவை இருமினாள். நான் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தேன். “தூசிப்பா. உடனே பயந்துடாதீங்க,” என்று சிரித்தாள். பயந்துதான் போனேன். அவள் இருமினால் எனக்கு வேறெதுவும் காதில் விழுவதில்லை. மறுவாரமே எக்ஸ்ரே எடுக்க வைத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை.

எங்கள் முறை வந்தபோது எனக்குத் தலை சுற்றும், நீ போய் வா என்றேன். அவள் முன்பின் தெரியாத மூன்று பெண்களோடு ஏறினாள். அவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். நான் கீழே நின்றேன். எல்லாப் பக்கமும் ஆட்கள். ஒருவர் முழங்கை என் விலாவில் இருந்தது, ஒரு குழந்தையின் பலூன் காதை உரசியது. “சார், கொஞ்சம் நவுருங்க சார்,” என்று யாரோ முதுகில் தள்ளினார்கள். அண்ணாந்து பார்த்தேன். மேலே அவள் பெட்டி நின்று நின்று போயிற்று. அவள் எட்டி எட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கினேன். சுற்றிலும் எத்தனையோ கைகள் தூக்கியிருந்தன. வேறெங்கோ பார்த்துக் கையாட்டினாள்.

இறங்கி வந்தவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேலேர்ந்து தேடித் தேடிப் பாத்தேன், உங்களைக் கண்டுபிடிக்கவே முடியலப்பா. அன்னிக்கு அம்மாவை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சேன், ஞாபகமிருக்கா?”

“இருக்கும்மா,” என்றேன்.

“எல்லாரும் அவங்களுக்கு எடம் விட்டிருந்தாங்க இல்ல?”

“ஆமாம்மா, விட்டிருந்தாங்க,” என்றேன்.