மேகத்தின் உச்சி நீண்ட பக்கம்

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு வானிலை சொன்னது நான்தான். யாரும் கேட்காமல் சொல்லவில்லை. அவர்கள் கேட்கும்வரை நான் விடவில்லை, அவ்வளவுதான்.

அசோக் நகரில் பைலட் படிப்புக்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வானிலைப் பாடம் பாதிதான் முடிந்திருந்தது, தலைக்கனம் முழுசாக வந்துவிட்டது. அடையாறு வீட்டுப் பால்கனியில் அம்மா துணி உலர்த்தும்போது, நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது, அதனால்தான் மதியத்தில் கடல் காற்று வருகிறது என்று பின்னாலேயே நின்று விளக்குவேன்.

"எப்படியோ வந்தா சரி," என்பாள்.

அடுத்து வெளியூரில் பறக்கும் பயிற்சி. அதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. விமானத்தை நினைத்து அவளுக்குப் பயமில்லை, என்னை நினைத்துத்தான். "தப்புன்னு தெரிஞ்சாலும் ஒத்துக்க மாட்டே. தரையில இருந்தா சமாளிச்சுக்கலாம். மேல போய் என்ன பண்ணுவே?" அவள் சரி என்று சொல்லாமல் நான் எங்கேயும் போக முடியாது. நிச்சயதார்த்தத்தில் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஆவணி மாதம், மொட்டை மாடியில் விழா. தலைக்கு மேல் வானம் தெரிய வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மதியம் தென்மேற்கே ஓர் இடிமேகம் காலிஃபிளவர் போலப் பொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உச்சி தட்டையாகி மேற்கே நீண்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உச்சி நீளும் பக்கம்தான் மேகம் போகும் என்று படித்திருந்தேன். மேற்கே போகிறது என்றால் நம்மை விட்டுத் தொலைகிறது என்று அர்த்தம்.

"இன்னா பாப்பா, தார்ப்பாய் கட்டவா வேணாமா?" என்றார் பந்தல்காரர்.

"வேணாண்ணா. மழை இந்தப் பக்கமே வராது."

மாப்பிள்ளையின் மாமாவைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தி மேகத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன். வாய் நிறைய பஜ்ஜி இருந்ததால் பாவம், அவரால் தப்பிக்க முடியவில்லை.

தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்போது கடல் காற்று சட்டென்று நின்றது. சற்று நேரம் ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு மேற்கே கிண்டிப் பக்கமிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்து மேசை விரிப்பைத் தூக்கி எறிந்தது. கூடவே மண் வாசனை. கொட்டுகிற மேகம் தனக்கு முன்னால் தள்ளிவிடும் காற்று அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாதங்களில் நம் ஊருக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. மேகத்தின் உச்சியை இழுப்பது அது. உடம்பை நகர்த்துவதோ கீழே வீசும் மேற்குக் காற்று. இதையும் படித்திருந்தேன், வேறொரு பாடத்தில். இரண்டையும் ஒரே வானத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அம்மா என்னையே பார்த்தாள். சும்மா காற்றுதான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"நான் சொன்னது தப்பு. மழை இங்கதான் வருது. எல்லாரும் கீழ இறங்குங்க."

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தாம்பாளங்கள் தலைமேல் ஏறின. மாமா பஜ்ஜித் தட்டை மட்டும் காப்பாற்றினார். கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் வானம் பொத்துக்கொண்டது. கார் நிறுத்துமிடத்தில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே, மழைச் சத்தத்தை மீறிக் கத்தி லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். "வானம் தெரியணும்னுதானேடி கேட்டேன்," என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கும் அடக்க முடியவில்லை.

அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"நீ பறக்கப் போற ஊர்ல ரொம்பக் குளிருமா?"

"தெரியாதும்மா," என்றேன்.

"அப்ப ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிடலாம்," என்றாள்.