ஓடையில் நிற்காத வேன்

அந்த வேனை வாங்கச் சொன்னது நான்தான். அப்பா பழைய ஜீப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். எங்கள் ஊர் சிலமலையிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு இருபது வருடமாக அடுத்தவர் ஜீப்பில் மலை ஏறி இறங்கியவர். சொந்தமாக ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவர் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒன்றில் போய் மகள் நான் மூக்கை நுழைத்தேன்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள். ஒரு நாளைக்கு முப்பது பார்த்தால் மெக்கானிக் ஆகிவிடலாம் என்கிற நினைப்பு. அம்மாவும் அப்பா ஓட்டும் ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவள்தான். குறுக்கு சீட்டில் முழங்காலும் முழங்காலும் இடிக்க, தார்ப்பாய் இடுக்கு வழியே சாரல் அடிக்க அவள் போய்வருவதை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறேன். "வேன்னா எல்லாரும் முன்னப் பாத்து உக்காரலாம்ப்பா, நனைய மாட்டாக" என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தேனிக்குக் கூட்டிப்போனேன். பதினைந்து வயதான ஒரு வெள்ளை வேனோடு திரும்பி வந்தோம். டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின்.

முதல் இரண்டு வாரம் அம்மாவையும் சேர்த்து ஒன்பது பெண்கள் ராணி மாதிரி போய்வந்தார்கள். மூன்றாம் வாரம் கிளட்ச் பிளேட் தேய்ந்து, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. போடியில் பட்டறை வைத்திருந்தவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது கீழ ஓடுற வண்டி ஆத்தா. மலைக்கு ஏத்துறது, கறவ மாட்ட ஏர்ல பூட்டுன கணக்கு."

"மாத்திக் குடுங்கண்ணே, ஓடும்" என்றேன்.

"ஓடும் ஓடும். எனக்கும் சோலி ஓடணும்ல."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செலவை ரூபாயில் சொல்வதே நின்றுபோனது, எத்தனை நாள் ஓட்டத்தின் வருமானம் என்பதே கணக்கு. கிளட்ச் பத்து நாள் ஓட்டம். முன் சக்கர பேரிங் மூன்று நாள் ஓட்டம். கதவு உருளை அரை நாள். அப்பா முணுமுணுக்கக்கூட இல்லை. சொந்த வண்டி என்றால் இப்படித்தான் என்று அவரே அம்மாவிடம் சமாதானம் சொல்வது காதில் விழும்.

பெரிய தொல்லை சூடு. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மேலே ஏறும். அப்பாவுக்கு முள்ளெல்லாம் வேண்டாம். சீட்டின் சூடே சொல்லிவிடும். மலை டிரைவர்கள் எல்லோரும் செய்வதுபோல, பாதி ஏற்றத்தில் ஓடை விழும் வளைவில் நிறுத்துவார். இறங்கி, மூடியைத் துணிபோட்டுத் திறந்து, ஓடைத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவார். பெண்கள் அந்த ஐந்து நிமிடத்தில் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். பட்டறைக்காரர் தன் பங்குக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வையே கழற்றி எறிந்திருந்தார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. ஓடைத் தண்ணீர் உள்ளே துருவேற்றும், வால்வு இல்லாமல் ஓட்டுவது தப்பு என்று பிடிவாதம் பிடித்தேன். நான் சொன்னது புத்தகப்படி சரி. புது வால்வை வரவழைத்தேன், பழைய தண்ணீரை வடித்தேன், எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறக் கூலண்ட் ஊற்றினேன். முள் நடுவில் போய் நின்றது, அசையவே இல்லை.

"இனிமே ஓடையில நிக்க வேணாம்ப்பா. மூடியத் தொறக்கவே கூடாது. முள்ளப் பாருங்க, போதும்."

"சரி ஆத்தா."

மூன்று வாரம் அப்பா ஓடையில் நிற்காமல் போனார். மற்ற டிரைவர்கள் கேட்டால், "மக கைவச்சிருக்கா" என்பாராம். அம்மா சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை நானும் மேலே போனேன். அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். பெண்களின் சேலை, கைவிரல், மடிச்சாக்கு எல்லாமே பச்சை ஏலக்காய் வாசம். முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் அக்கா, எங்கள் பக்கத்துத் தெருக்காரி, மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, பாகு காச்சுறாப்ல ஒரு வாட அடிக்குதே. ரெண்டு நாளா அடிக்குது."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன். "வருசம் பூரா ஏலக்காய்க்குள்ளயே கெடக்குறீகளே, ஒங்க வாட ஒங்களுக்கே தெரியலையாக்கா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. "படிச்ச பிள்ளைட்ட வாயக் குடுத்தா இப்பிடித்தான்டி" என்று பின்னாலிருந்து ஒருத்தி அவள் தோளில் தட்டினாள். அந்த அக்காவும் சிரித்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

கசியும் கூலண்ட் சூட்டில் இனிப்பாக மணக்கும். வாடையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று நானே ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் குழாய் வெடிப்புவிட்டிருந்தது. ஏலக்காய் வாசத்துக்குள் அந்த வாடை மறைந்து கிடந்தது. மூக்கில் பிடித்தவளை நான் கேலி செய்து உட்கார வைத்தேன்.

திங்கட்கிழமை ஏற்றத்தில் வண்டி சூடாகி, அந்த வெடிப்பு வழியே உள்ளிருந்த தண்ணீர் முழுக்கத் தீர்ந்துபோனது. தண்ணீர் இல்லாவிட்டால் முள்ளுக்கு அளக்க எதுவும் இருக்காது, சூடே இல்லாததுபோலக் கீழே இறங்கிவிடும். சீட்டு கொதிப்பதை அப்பா உணர்ந்திருக்கிறார். ஓடை வளைவில் பிரேக்கில் கால்கூட வைத்திருக்கிறார். முள்ளைப் பார்த்தார். முள் நல்லபடியாக இருந்தது. ஓடையைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த இரண்டு வளைவுக்குள் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டு வளைந்து, வண்டி புகையோடு நின்றது.

வந்த ஜீப்பெல்லாம் நிறைந்து வந்தன. ஒன்பது பேரும் மலை உச்சி மேட்டுவரை நடந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துத் தோட்டம் சேரும்போது நேரம் தாண்டிவிட்டது. மலையாளத்துச் சூப்பர்வைசர், "இன்னு அரச் சம்பளம் மதி", இன்றைக்கு அரைச் சம்பளம் போதும் என்று முடித்துவிட்டான். அம்மா சாயங்காலம் வந்து இதைச் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, "எல்லாருக்குமா?"

ஹெட்டைப் பட்டறைக்காரர் மதுரை லேத் பட்டறைக்கு அனுப்பினார். திரும்பிவரப் பன்னிரண்டு நாள். ஒன்றரை மாத ஓட்டத்தை அது சாப்பிட்டது. அதுவரை பெண்கள் வேறொருவர் ஜீப்பில் போனார்கள். வண்டி வந்ததும் அப்பா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் "வர்றோம்ணே" என்றார்கள்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் அம்மா மட்டும் ஏறினாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்று தகவல், ஒருத்தி தன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள், ஒருத்திக்கு இடுப்பு வலி. அப்பா அத்தனையையும் நம்பினார். "காச்சக் காலம்" என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். டீசல் போட வேண்டும் என்று அப்பா வழக்கமான தெருவை விட்டு ரைஸ்மில் பக்கம் திருப்பினார்.

மில்லுச் சுவருக்குப் பின்னால் எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் நிறுத்தத்திலிருந்து அது அரை மைல். அப்பா கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த ஜீப்புக்குக் காத்திருக்கிறார்கள். வேனின் சத்தம் கேட்டதும் ஒருத்தி முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். முன் சீட்டு அக்கா தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிப்பாட்டாதீக" என்றாள் அம்மா. "நம்மளப் பாத்தா அதுகளுக்குக் கூசும்."

அப்பா நிறுத்தவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. எட்டுக் காலி சீட்டோடு அம்மாவை மேலே கொண்டுபோய் விட்டார்.

இறக்கத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த வாடைய அக்கா சொல்லுச்சுப்பா. நாந்தான் சிரிச்சேன். முள்ளப் பாருங்கன்னு சொன்னதும் நாந்தான்."

"நீயா ஓட்டுன?" என்றார். கொஞ்ச தூரம் போய், "குண்டி சுட்டது எனக்குத்தான" என்றார். வழக்கமாக இப்படிப் பேசினால் நான் சிரித்துவிடுவேன்.

வேனைக் காய்கறி வியாபாரி ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். கீழே நன்றாகத்தான் ஓடுகிறதாம்.

அது போன மறுநாள் காலை அப்பா அம்மாவை மில்லுவரை நடத்திக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். ஜீப்பு வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. முன் சீட்டு அக்கா மட்டும் கிட்டே வந்தாள்.

"அண்ணே, தப்பா நெனச்சுராதீக. அரச் சம்பளம்னா வீட்டுல..."

"ஏறு தங்கச்சி, வெரசா. மேல நேரமாகிரும்."

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். குறுக்கு சீட்டில் அம்மாவுக்கு இடம்விட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜீப்பு கிளம்பியதும் அப்பா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சைப் பிடிக்க நடந்தார். அங்கே ஒருவரிடம் லோடு ஜீப்பு ஓட்டச் சேர்ந்துவிட்டாராம். நான்கு நாளைக்கு முன்பே பேசி முடித்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் யாரும் யோசனை கேட்கவில்லை.