மைக் அக்காவும் மாலை வண்டியும்

அத்தை போன மாதம் தவறிவிட்டாள். எங்களுக்கு முகம் தெரியாத பலர் வாசலில் வந்து நின்றார்கள். கேட்டால், "மைக் அக்காவைப் பாக்க வந்தோம்" என்றார்கள். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவளுக்கு அப்படியொரு பெயர்.

அத்தை, என் அப்பாவின் அக்கா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அறை ஜன்னலில் படியும் பக்கத்துக் குழாய் ஆலையின் கரியைத் துடைத்துவிட்டு, ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவாள். அவள் அறிவிப்பு முடிந்த பிறகே கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு பச்சைக் கொடி காட்டுவார். சட்டத்தில் இல்லாத வழக்கம் அது.

அந்த ஆலையில் சில நாள் வேலை முடியும் சங்கு தாமதமாக ஊதும். அன்று அத்தை ஊர்ப் பெயர்களை இழுத்து இழுத்துச் சொல்வாள். மேம்பாலத்தில் ஓடிவருகிறவர்களுக்கு அவள் குரல் கேட்டால் போதும், மாலை வண்டி இன்னும் நிற்கிறது என்று அர்த்தம். கல்லூரி விட்டு நானும் அதே வண்டியில்தான் வருவேன். எண்ணெய்க் கையோடு ஏறும் ஆலைப் பெண்கள், வீட்டிலும் உன் அத்தைக்கு இதே இழுவைதானா என்று என்னைச் சீண்டுவார்கள்.

புதிதாக வந்த நிலைய அதிகாரிக்கு வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். நிறுத்தங்களை ஒருமுறைதான் வாசிக்க வேண்டும், மீறினால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு உலகமே அந்த மைக் அறைதான்.

ஒரு மழை நாளில் அவர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அத்தை ஒருமுறை வாசித்து முடித்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதிப் பாலத்தில் குடைகள் முட்டிக்கொண்டிருந்தன. இதை விட்டால் அவர்களுக்கு விடியும்வரை வண்டியில்லை. அத்தை மறுபடி வாசித்தாள். அதுவும் போதாமல், கடைசி ஊரிலிருந்து தலைகீழாக வாசிக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா இது?"

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "யாரும் ஊர் மாறி இறங்கிடக் கூடாது பாருங்க, சார்."

மறுநாளே பார்சல் பிரிவுக்கு மாற்றல் வந்தது. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"போகட்டும்டா தம்பி," என்றாள். "எல்லாரும் ஏறிட்டாங்க."

புதிய அறிவிப்பாளர் கடகடவென்று ஒப்பித்தார். முதல் சில நாள் வண்டி பாலத்தில் ஆட்களை விட்டுவிட்டே போனது. பிறகு அத்தை கண்டுபிடித்தாள்: கடைசிப் பார்சல் ஏறாமல் கார்டு கொடி காட்ட முடியாது.

அடுத்த முறை சங்கு தாமதமானபோது நான் வண்டியில், கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் இருந்தேன். அத்தை தள்ளிவந்த பார்சலைக் கார்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பெட்டி காலையிலேருந்து அங்கதானே இருந்துச்சு?"

"கனம் தம்பி. மெதுவாத்தான் வரும்."

அவரும் பாலத்தைப் பார்த்தார். சுற்றியிருந்த கொடியைப் பிரித்து மறுபடி பொறுமையாகச் சுற்றினார். அத்தையின் தள்ளுவண்டி மணப்பெண் நடை நடந்தது. கடைசி ஆள் பாலத்திலிருந்து இறங்கியதும்தான் அதற்குக் கால் முளைத்தது.