ராயபுரத்தில் ஓர் ஒன்ஸ் மோர்

தகரக் கூரையில் மழை தட்டினால் மனைவி ஒழுகலுக்குப் பாத்திரம் தேடுவாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் ராயபுரம் டெண்டுக் கொட்டகைத் திரையில் ஆடினாளே ஒரு வெள்ளைக்கார நடிகை, அவள் பூட்ஸ் சத்தம் அப்படியே இதுதான்.

அவளுக்கு வயசாகிவிட்டது. பவுடரைத் தாண்டிச் சுருக்கம் தெரிந்தது. முதல் நாளே படம் பார்த்திருந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மணலில் நெருங்கி உட்கார்ந்து காதைக் கடித்தாள்: "இந்தப் பாட்டோட இவளை டான்ஸ் கம்பெனிய வுட்டுத் தொரத்திடுவானுங்கடா. சின்னப் பொண்ணு ஒண்ணு வந்துகினு கீது."

என் அம்மாவையே துரத்துவதுபோல் பதறிப்போனேன். பாட்டு முடிந்ததும் எழுந்து, தொண்டை கிழியக் கத்தினேன்: "ஒன்ஸ் மோர்!"

துறைமுகத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? கொட்டகையே கத்தியது. ஆபரேட்டர் சுருளைத் திருப்பிப் போட்டார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி ஆடினாள். முடிந்ததும் மறுபடி கத்தினேன். மூன்றாம் ஆட்டத்தில் பிலிம் அறுந்தது.

"மிஷினு கொதிக்குது, வூட்டுக்குப் போங்கப்பா!" என்றார் ஆபரேட்டர்.

"மீதிப் படம் உங்கப்பனா காட்டுவாரு?" என்று அக்கா குட்டினாள். வலிக்கவேயில்லை.

மீதிக் கதையை இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. ராயபுரத்தில் அவளை யாரும் துரத்தவில்லை.